நசுங்கிய சாட்சி

அத்தியாயம் 1

காசை மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் இருந்த விரலை மட்டும் எடுக்கவில்லை.

"முதல்லயே சொல்லிடறேன். எனக்குப் பணம் திரும்ப வேணாம்," என்றாள் வந்தவள். "இதை வித்தவன் தலை குனியணும். அவன் கடையில, அவனை நம்பி வர்றவங்க முன்னாடியே குனியணும். உங்களால முடியும்னா விரலை எடுக்கறேன். இல்லன்னா கிளம்பறேன்."

முப்பது வயதிருக்கும். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். நகக்கண்களில் இளஞ்சிவப்பாக ஏதோ மெழுகு ஒட்டியிருந்தது. பல் செட் செய்யும் லேப் ஒன்றில் டெக்னீஷியன் என்று சொல்லியிருந்தாள்.

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அதற்குக் காரணம் அவளுடைய கணவனின் தம்பி. போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவள் இந்த அலுவலகத்தைத் திறந்தபோது, போர்டு எழுத வந்த பெயிண்டர், "யார் பேர்ல சார்?" என்று கேட்டிருக்கிறான். "அண்ணி பேர்லதான்" என்று கொழுந்தன் பதில் சொல்லியிருக்கிறான். மறுநாள் போர்டு வந்தது: 'அண்ணி துப்பறியும் நிலையம்'.

அந்தக் கொழுந்தன்தான் இப்போது உதவியாளன். பன்னிரண்டு வருடம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்து, டாக்டர்களைப் பேசவிடாமல் பேசியே வேலையைத் தொலைத்தவன். வீட்டிலும் வெளியிலும் அவன் பெயர் ரேடியோ.

"விரலை எடுங்க மேடம்," என்றான் ரேடியோ. "தலை குனிய வைக்கறதுல எங்க அண்ணி ஸ்பெஷலிஸ்ட். என் கழுத்து நிமிர்ந்து வருஷக்கணக்காச்சு."

அவள் சிரிக்கவில்லை. விரலை எடுத்தாள்.

எல்லோர் பையிலும் கிடக்கிற மஞ்சள் பித்தளை அஞ்சு. ஒரு பக்கம் இலைக்கொத்து, அதன் கீழே வருடம். மறுபக்கம் பெரிதாக 5 என்ற எண் இருக்க வேண்டும். இதில் அது இல்லை. அங்கேயும் அதே இலைக்கொத்துதான். ஆனால் புடைப்பாக இல்லை. குழிவாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருந்தது.

கூடவே ஒரு சான்றிதழ். ரேடியோ அதைச் செய்தி வாசிக்கிற குரலில் படித்தான்.

"'அபூர்வ அச்சுப்பிழை. நாணயச்சாலையில் முன்னால் அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டதால், அடுத்து வந்த வெறும் வில்லை, அச்சுக்குப் பதிலாக அந்தக் காசின்மேல் மோதியிருக்கிறது. ஆகவே ஒரு பக்கம் இலை நேராகவும், மறுபக்கம் அதே இலை குழிவாகவும் பதிந்துள்ளது. லட்சத்தில் ஒன்று.' கையெழுத்து, நாணய டாக்டர். அடடா, காசுக்கெல்லாம் டாக்டர்! ஊசி போடுவாரா, மாத்திரையா?"

அண்ணி நிமிர்ந்தாள். "நாணய டாக்டரா? கடைத்தெருவுல கடை வெச்சிருப்பாரே, அவரா?"

"தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் வந்தவள்.

"நான் யூனிபார்ம்ல இருந்தப்ப ஒரு கேஸுக்கு நிபுணரா வந்தார். கௌரவமான மனுஷன்."

"அப்போ அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைக்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே," என்றபடி அண்ணி இழுப்பறையிலிருந்து லென்ஸை எடுத்தாள்.

சன்னல் பக்கம் திரும்பி, காசைச் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"தம்பி, அந்தச் சான்றிதழ்ல இன்னொரு தடவை படி. மோதினது வெறும் வில்லையா, அடிச்சு முடிச்ச காசா?"

"வெறும் வில்லை."

"வெறும் வில்லைன்னா ரெண்டு பக்கமும் மொட்டையாத்தானே இருக்கும்? அதுல இன்னும் எண்ணே விழலை."

"ஆமா. பிறந்த குழந்தை மாதிரி."

"அப்போ இந்தக் குழிவான இலைக்கு அடியில மங்கலா ஒரு அஞ்சு தெரியுதே, அது எங்கிருந்து வந்தது?"

ரேடியோ லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தான். இலைக்காம்புகளுக்கு நடுவே 5-இன் வயிறு நிழல்போலத் தெரிந்தது, நசுங்கி, தட்டையாகி.

"அண்ணி, குழந்தைக்கு மீசை இருக்கு!"

வந்தவள் இருக்கையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். அவ்வளவுதான்.

"கீழே போலாம் வாங்க," என்றாள் அண்ணி.

அலுவலகத்துக்குக் கீழே டயர் கடை. ஓரமாக ஒரு இரும்பு மேஜையில், பொருளைக் கவ்வி இறுக்குகிற வைஸ் பூட்டியிருந்தது. வாசலில் நின்ற பைக்கின் கண்ணாடிமுன் அண்ணி காசின் குழிவான பக்கத்தைக் காட்டினாள். இடவலம் மாறியிருந்த இலைக்கொத்து கண்ணாடியில் நேரானது. கீழே பாதி நசுங்கிய வருடமும் நேரானது.

"கடைசி ரெண்டு எண்ணைப் படி."

"தொண்ணூத்தாறு."

"இப்போ காசைத் திருப்பு. நேரா இருக்கற பக்கத்துல?"

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு." ரேடியோ தலையைச் சொறிந்தான். "தொண்ணூத்தாறுல அடிச்ச காசு அச்சுல பதினஞ்சு வருஷம் ஒட்டிக்கிட்டே இருந்துச்சா? என்ன பசை அது?"

"அது மட்டுமில்ல. தொண்ணூத்தாறுல பித்தளை அஞ்சே கிடையாது. அப்போ வெள்ளைக் காசு. நிக்கல். விலை கட்டலைன்னு பிறகுதான் பித்தளைக்கு மாறினாங்க. உன் சட்டைப் பையைக் கொட்டு."

கொட்டியதில் பழைய வெள்ளை அஞ்சு ஒன்றும் பித்தளை அஞ்சுகள் மூன்றும் இருந்தன. அண்ணி வெள்ளைக் காசின் இலைப் பக்கத்தைப் பித்தளைக் காசின் எண் பக்கத்தோடு சேர்த்து, பின்னால் ஒரு தகட்டை வைத்து, வைஸின் வாயில் கொடுத்தாள்.

"முறுக்கு."

ரேடியோ முறுக்கினான். முகம் சிவந்தது. டயர் கடைக்காரர் வந்து ஒரு இரும்புக் குழாயைக் கைப்பிடியில் செருகி, தன் எடையையும் சேர்த்துக் கொடுத்தார். ஏதோ இறுகுகிற சத்தம். திறந்தபோது வெள்ளைக் காசு அப்படியே இருந்தது. மெத்தென்ற பித்தளையில் மட்டும் இடவலம் மாறிய இலைக்கொத்து குழிவாகப் பதிந்திருந்தது. அதன் மறுபக்கத்து இலை, இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகியிருந்தது.

"லட்சத்தில் ஒன்று!" என்று ரேடியோ கத்தினான். "அண்ணி, நாலு நிமிஷத்துல செஞ்சுட்டேன். துப்பறியறதை விட்டுட்டு இதையே பார்க்கலாமா?"

"ஜெயில்லயும் வைஸ் இருக்கும். அங்கே பாரு." அண்ணி இரண்டு காசுகளையும் அருகருகே வைத்து லென்ஸை நகர்த்தினாள். "உன் காசுல இல்லாத ஒண்ணு இவங்க காசுல இருக்கு. மூணாவது இலைமேல மயிரிழை மாதிரி ஒரு மேடு. குறுக்கே போகுது, தெரியுதா?"

"தழும்பு மாதிரி இருக்கு."

"குழிவுல மேடு விழணும்னா, அழுத்தின காசுல பள்ளம் இருக்கணும். அவர் அழுத்தற வெள்ளைக் காசுல ஒரு கீறல் இருக்கு. அதால அழுத்தற ஒவ்வொரு காசுலயும் அந்தத் தழும்பு விழும். அந்த வெள்ளைக் காசு கிடைச்சா போதும், ஆளை அமுக்கிடலாம்."

"ஒரு காசு வியாபாரி கடைக்குள்ள ஒரு காசைத் தேடணும்." ரேடியோ பெருமூச்சு விட்டான். "கடல்ல போய் ஒரு துளியைக் கூப்பிடற மாதிரி."

"நான் கூட வரமாட்டேன்," என்றாள் பல் டெக்னீஷியன். "என்னை அவனுக்குத் தெரியும். கடைக்கு எதிர்ல பஸ் நிறுத்தத்துல உட்கார்ந்திருக்கேன். நீங்க உள்ளே போய், நல்லா சுத்திப் பாருங்க மேடம். எதையும் விடாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தைகளில் ஏதோ ஒரு அழுத்தம் இருந்தது. அண்ணி அதைக் கவனித்தாள். கேட்கவில்லை.

*

நாணய டாக்டரின் கடையில் மாலை மூன்றிலிருந்து ஐந்துவரை இலவசப் பரிசோதனை. தங்கள் காசுகளைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் கண்ணாடிப் பெட்டிகள். நடுவே, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் லென்ஸ் தொங்க, சாயம் பூசிய தலையோடு டாக்டர்.

அண்ணியைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"மேடம்! வாங்க வாங்க! எத்தனை வருஷமாச்சு! எல்லாரும் பாருங்க, நான் அடிக்கடி சொல்வேனே, அந்த இன்ஸ்பெக்டர் மேடம் இவங்கதான். இந்தக் கடைக்கு அஸ்திவாரமே இவங்க கையெழுத்து!"

அவர் காட்டிய சுவரில் தங்கநிறச் சட்டத்துக்குள் ஒரு கடிதம் தொங்கியது. காவல்துறை முத்திரை. 'தங்களின் நிபுணத்துவக் கருத்தே இவ்வழக்கில் குற்றத்தை நிரூபிக்கப் பேருதவியாக இருந்தது.' கீழே, ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதியோடு, அண்ணியின் கையெழுத்து.

இந்தக் கடிதத்தை எழுதியதுகூட அவளுக்கு மறந்துபோயிருந்தது. நாணயச்சாலை ஊழியன் ஒருவன் அச்சுப்பிழைக் காசுகளைத் திருடி வெளியே கொண்டுவருவதாகப் பெயர் சொல்லாத ஒரு போன். வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த அவனுடைய பைக்கின் டூல் பாக்ஸில் ஐந்து காசுகள். இவர் வந்து பார்த்து, நாணயச்சாலை இயந்திரத்தில் மட்டுமே இப்படி விழும் என்று எழுதிக் கொடுத்தார். வழக்கு மூன்றே வாரத்தில் முடிந்தது.

"டாக்டர் சார்!" ரேடியோ இடையில் புகுந்தான். "அவசர கேஸ். பேஷண்ட் பித்தளை."

டயர் கடையில் பிறந்து ஒரு மணிநேரம்கூட ஆகாத காசை அவன் நீட்டினான். டாக்டர் வாங்கி, லென்ஸைக் கண்ணில் செருகி, ஒரே பார்வை. சிரித்தார்.

"யாரோ உங்களை ஏமாத்தியிருக்காங்க தம்பி. இது பிழை இல்ல, சேதம்."

"ஐயையோ! எப்படி சார் சொல்றீங்க?"

வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். டாக்டருக்கு அது போதும். குரலை உயர்த்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க, பின்னாடி உதவும். நிஜமான பிழைன்னா இந்தப் பக்கம் அஞ்சுங்கற எண் விழுந்திருக்கவே கூடாது. இதுல பாருங்க, அடியில நசுங்கின அஞ்சு எட்டிப் பார்க்குது. அதுலயே கதை முடிஞ்சுது. அப்புறம் பின்பக்கம். நிஜத்துல அந்த இலை கூர்மையா, புடைப்பா இருக்கும், ஏன்னா அது நேரா அச்சுல விழுந்தது. இதுல தேய்ஞ்சு தட்டையாயிருக்கு. வைஸ்ல வெச்சு நசுக்கினா இப்படித்தான் ஆகும். அதையும் விடுங்க, ரெண்டு பக்கமும் வருஷம் ஒண்ணா இருக்கணுமே! ஒரே அச்சு, ஒரே நாள். இதுல முன்னாடி ஒரு வருஷம், பின்னாடி ஒரு வருஷம். சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும் இது போலின்னு."

"உங்களுக்கு இது எப்பவுமே தெரியுமா சார்?" ரேடியோ வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். அவன் சட்டைப் பையில் போன் பதிவு செய்துகொண்டிருந்தது.

"முப்பது வருஷமா தெரியும்."

"மேடத்தோட கேஸ்லயும் இதெல்லாம் சோதிச்சுத்தான் சொன்னீங்களா?"

"சோதிக்காம நான் கையெழுத்துப் போடுவேனா? அந்தக் காசுல ஒண்ணோட படம்தான் அது. கோர்ட்டுக்குக் கொடுக்க நானே பெரிசு பண்ணி எடுத்தது."

கடிதத்துக்குக் கீழே இன்னொரு சட்டம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிய ஒரு பித்தளை அஞ்சு, முன்பக்கமும் பின்பக்கமும்.

அண்ணி அதன் அருகே போனாள். லென்ஸ் தேவைப்படவில்லை. குழிவான இலைக்கொத்துக்கு அடியில் நசுங்கிய 5. இடவலம் மாறிய தொண்ணூற்றாறு. மூன்றாவது இலையின் குறுக்கே மயிரிழைபோல ஒரு மேடு.

ஐந்து காசுகளும் அன்று அவள் மேஜையில்தான் இருந்தன, ஒரு பிளாஸ்டிக் உறையில். எண்ணிப் பார்த்தாள், எடை குறித்தாள், சீல் வைத்தாள். லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்தானே இன்று மதியம் ஞாபகம் வந்திருக்கும்.

"அண்ணி." ரேடியோ பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். முகத்தில் விளையாட்டு இல்லை. "பேசிக்கிட்டே ஒரு சுத்து சுத்திட்டேன். இந்தக் கடையில விலை போடாத காசே இல்ல. வீட்டை வித்தாலும் வாங்க முடியாததுக்கெல்லாம் சீட்டு ஒட்டியிருக்கார். கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி. அதுல ஒரு பழைய வெள்ளை அஞ்சு. பஸ்ல கொடுத்தா கண்டக்டர்கூட முகம் சுளிப்பார். அதுக்கு மட்டும், 'என் முதல் காசு. விற்பனைக்கு அல்ல'ன்னு எழுதியிருக்கு."

"வருஷம்?"

"தொண்ணூத்தாறு."

பெட்டியிலிருந்த காசில் எண் பக்கம் மேலே இருந்தது. இலைப் பக்கம் வெல்வெட்டில் கவிழ்ந்து கிடந்தது. அண்ணி அதைத் தொடவில்லை.

"நீ இங்கேயே இரு. வாயை மூடாதே. அவர் அந்தப் பெட்டிகிட்ட போகாம பார்த்துக்கோ."

"வாயை மூடாதேன்னு நீங்க சொல்றது இதான் முதல் தடவை," என்றுவிட்டு ரேடியோ திரும்பினான். "டாக்டர் சார், எங்க மாமனார்கிட்ட ஒரு காசு இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி எங்க மாமனாரைப் பத்தி கொஞ்சம் சொல்லணும்..."

*

பஸ் நிறுத்தத்தில் பல் டெக்னீஷியன் மடியில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளைக் காசு கிடைச்சிடுச்சு," என்றாள் அண்ணி. "இந்த ஏரியா இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணிட்டேன். வந்துட்டிருக்கார்."

"சுவரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"படிச்சீங்களா?"

"நான் எழுதினதுதானே. நீ யாரும்மா?"

"டூல் பாக்ஸ்ல அஞ்சு காசு எடுத்தீங்களே, அந்த வண்டிக்காரரோட பொண்ணு."

ஒரு பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கண்டக்டர் இவர்களைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போனது.

"அப்போ நான் வெளியூர்ல படிச்சுட்டிருந்தேன். அதனால என்னை உங்களுக்குத் தெரியாது." அவள் குரல் உயரவே இல்லை. "ஒரு கண்காட்சியில இவன் காசு வித்துட்டிருந்தானாம். எங்கப்பா பார்த்துட்டு, இதெல்லாம் வைஸ்ல நசுக்கினதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். இருபத்திரண்டு வருஷம் அச்சு இயந்திரத்துல நின்னவர், பொறுக்க முடியலை. அடுத்த மாசம் உங்களுக்குப் போன் வந்துச்சு. அப்பா உங்ககிட்ட என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?"

அண்ணிக்கு இப்போது ஞாபகம் வந்தது. கம்பிக்குப் பின்னால் நின்ற, பித்தளை வாசனை அடிக்கிற சட்டை போட்ட ஒரு மனிதன். கெஞ்சக்கூட இல்லை, விளக்கத்தான் பார்த்தான்.

"லென்ஸை வெச்சு நீங்களே ஒரு தடவை பாருங்கம்மான்னு சொன்னார்," என்றாள் அண்ணி.

"அதுக்கு நீங்க?"

"அதைப் பார்க்க நிபுணர் இருக்கார், நீ உன் வேலையைப் பாருன்னேன்."

"பதினாலு மாசம் ஜெயில். வேலை போச்சு. வெளியே வந்த பிறகு அப்பா காசையே தொட மாட்டார். பஸ்ல நோட்டைக் கொடுத்துட்டு, மீதிச் சில்லறை வாங்காம இறங்கிடுவார். கண்டக்டர் பின்னாடியே கூப்பிடுவாங்க. திரும்பிப் பார்க்க மாட்டார். போன வருஷம் போயிட்டார்." அவள் பையின் வாரைச் சரிசெய்தாள். "அப்புறம்தான் இந்தக் கடைக்கு வந்தேன். சுவர்ல அந்தப் படத்தைப் பார்த்தேன். எனக்கு நாள் பூரா அச்சு பார்க்கற வேலை. ஒரு பல்லுல கீறல் இருந்தா அச்சுல எப்படி விழும்னு எனக்குத் தெரியாதா? அந்தத் தழும்பு தெரிஞ்சுது. இவன்கிட்டயே ஒரு காசு வாங்கினேன். அதுலயும் அதே தழும்பு. பக்கத்துல உங்க கையெழுத்து. நேரா உங்க ஆபீஸைத் தேடி வந்தேன்."

"வக்கீல்கிட்ட போயிருக்கலாமே."

"போயிருக்கலாம். ஆனா நீங்க உங்க கண்ணாலே பார்த்திருக்க மாட்டீங்க. அவனைப் பழிவாங்க ஒரு வக்கீல் போதும் மேடம். எனக்கு ரெண்டு பேரைப் பழிவாங்கணும்."

அண்ணி தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அவள் கண்களைப் பார்த்தபடியே நின்றாள். இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று மட்டும் தெரியவில்லை.

"சரி," என்றாள் கடைசியில். "முதல் ஆளை முடிச்சுட்டு வருவோம். உள்ளே வா."

*

இன்ஸ்பெக்டர் நான்கு காவலர்களோடு வந்தபோது ரேடியோ தன் மாமனாரின் இரண்டாவது அறுவை சிகிச்சைவரை வந்திருந்தான். அவருக்கு உண்மையில் ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

பல் டெக்னீஷியன் உள்ளே நுழைந்ததும் டாக்டர் முகம் மலர்ந்தார். "வாங்கம்மா! போன மாசம் வாங்கின காசு பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கு. சோதிச்சுப் பார்க்கலாம்னு வந்தேன். நீங்க இப்போ சொன்னீங்களாமே, எண் அடியில தெரியக் கூடாது, பின்பக்கம் தட்டையா இருக்கக் கூடாது, வருஷம் மாறக் கூடாதுன்னு. இதையும் பார்த்துச் சொல்லுங்க."

காசைக் கையில் வாங்கியபோதுதான் அவர் இன்ஸ்பெக்டரைக் கவனித்தார். லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. வரிசையில் முதலில் இருந்த முதியவர் எட்டி அந்தக் காசை எடுத்து, தன் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"இதுலயும் அடியில அஞ்சு தெரியுதே சார்," என்றார்.

அது கைக்குக் கை மாறியது. இப்போதுதான் பாடம் கேட்டவர்கள் ஆயிற்றே. "தட்டையாத்தான் இருக்கு." "வருஷம் வேற." "அப்போ நான் வாங்கினது?" ஒரு பெண் தன் கைப்பையைக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்தாள்.

"கைமாத்திட்டாங்க! இது நான் கொடுத்த காசே இல்ல!" டாக்டரின் குரல் கீச்சிட்டது.

"சார், அந்தப் பெட்டி," என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் வெள்ளை அஞ்சை எடுத்துத் திருப்பினார். பல் டெக்னீஷியன் பையிலிருந்து இளஞ்சிவப்பு மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்து, லைட்டரில் வாட்டி, மேஜைமேல் வைத்தாள். இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே காசை அதில் அழுத்தி எடுத்தார். மெழுகில் இடவலம் மாறிய இலைக்கொத்து. தொண்ணூற்றாறு. மூன்றாவது இலையின் குறுக்கே மயிரிழைபோல ஒரு மேடு.

அவள் மெழுகை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரிலிருந்த படத்தின் பக்கத்தில் பிடித்தாள். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எங்கப்பா வண்டியில இருந்ததும் நீ நசுக்கின காசுதான்," என்றாள். "அது தானா நடந்து போய் டூல் பாக்ஸ்ல ஏறி உட்காரலை."

டாக்டர் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். யார் சாயல் என்று புரிந்ததும் நாற்காலியில் சரிந்தார். பின்னறையிலிருந்து ஒரு காவலர் வைஸைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அந்த ஆள் என்னை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தினான்," என்று முணுமுணுத்தார் டாக்டர்.

"இங்கே பதினாறு பேர் இருக்கோம் சார்," என்றான் ரேடியோ. "வட்டியோட சேர்த்து."

டாக்டர் திடீரென்று அண்ணியின் பக்கம் திரும்பினார். "மேடம், யோசிச்சுப் பண்ணுங்க. அந்தக் கேஸைத் திரும்பத் திறந்தா முதல்ல நாறப் போறது உங்க பேரு. நான் கருத்துதான் சொன்னேன். கைது பண்ணது நீங்க. நான் மூழ்கினா நீங்களும் மூழ்குவீங்க!"

"தெரியும்," என்றாள் அண்ணி. "கிளம்புங்க."

*

ஸ்டேஷனில் புகார் எழுதும்போது இன்ஸ்பெக்டர் தயங்கினார். அண்ணியிடம் பயிற்சி பெற்றவர் அவர். கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

"மேடம், நிபுணர் பொய் சொல்லிட்டார்னு எழுதினாலே போதும். காசு இருக்கு, வைஸ் இருக்கு, அவர் பேசின பதிவு இருக்கு. அவர் தப்பிக்கவே முடியாது. விசாரணை அதிகாரியைப் பத்தி ஏன் எழுதணும்? நீங்களும் ஏமாந்தவங்கதானே?"

"பேப்பர் கொடு," என்றாள் அண்ணி.

ரேடியோ சுவரோரமாக நின்றான். பல் டெக்னீஷியன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணியின் கை ஒவ்வொரு வரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கம் ஆனது. அண்ணி கையெழுத்துப் போடப் போன இடத்தில் நிறுத்தி, தாளை அவள் பக்கம் தள்ளினாள்.

அவள் நிதானமாகப் படித்தாள். முதல் பக்கத்தில் டாக்டர். இரண்டாவது பக்கத்தில் அண்ணி. பாதியில் அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"'எனது கவனக்குறைவால்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"கவனக்குறைவுன்னா, பார்க்கத் தவறிட்டீங்கன்னு அர்த்தம். நீங்க தவறலை. பாருங்கன்னு ஒருத்தர் கேட்டார். முடியாதுன்னீங்க. அதை மாத்துங்க."

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

தாளை இழுத்து, அந்த இரண்டு வார்த்தைகளையும் குறுக்கே அடித்தாள். மேலே எழுதினாள்: 'குற்றம் சாட்டப்பட்டவர் பார்க்கச் சொல்லிக் கேட்டும், நான் பார்க்க மறுத்ததால்.' திருத்தத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தாள்.

"இதுக்காக உங்களை மன்னிச்சுடுவேன்னு நினைக்காதீங்க," என்றாள் அந்தப் பெண்.

"நான் கேக்கலை."

அவள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். பிறகு தன் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'திரு' விடுபட்டிருப்பதைக் காட்டினாள். அண்ணி அதையும் எழுதினாள்.

"இப்போ கையெழுத்துப் போடுங்க."